டைட்டிலில் விலை தப்பாக விழுந்துவிட்டால்: அடித்துத் திருத்துவதா, புது டைட்டிலா, ரீஃபண்டா?

அமெரிக்காவில் ஒருவரிடமிருந்து நேரடியாகப் பழைய கார் வாங்கும்போது, காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலிலோ அதோடு போகும் படிவத்திலோ ஓடிய மைல், விற்ற தேதி, விற்ற விலை என்று மூன்று எண்களை எழுதியாக வேண்டும். கட்டங்கள் சின்னவை. எழுதுவதோ பெரும்பாலும் காரின் பானெட் மேல் தாளை வைத்து. மைல் கட்டத்தில் விலையும் விலைக் கட்டத்தில் மைலும் இடம் மாறி விழுவது சகஜம். பேரம் படிவதற்கு முன்பே 9,000 என்று எழுதிவிட்டு, பிறகு 8,500-க்கு முடிப்பவர்கள் உண்டு. 12,000 என்பது 21,000 ஆகிவிடுவதும் உண்டு. நம்மூர்ப் பழக்கத்தில் ‘8500/-’ என்று எழுதினால், அந்தச் சாய்கோட்டை 1 என்று படித்து 85001 என்று கணினியில் ஏற்றவும் வாய்ப்பிருக்கிறது.

தப்பு தெரிந்த நொடியில் கை தானாக வெள்ளை மையைத் தேடும். அதை மட்டும் செய்யாதீர்கள். டைட்டில் பாதுகாப்புத் தாளில் அச்சடித்தது. சுரண்டினாலும் ரசாயனம் பட்டாலும் பின்னணி நிறம் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓடிய மைல் இவ்வளவுதான் என்று விற்பவர் உறுதி சொல்லும் ஓடோமீட்டர் வாக்குமூலமும் அதே தாளில்தான் இருக்கிறது. 2011-க்குப் பிந்தைய மாடல் கார்களுக்கு (2011-உம் சேர்த்து) 20 ஆண்டு வரை அந்த வாக்குமூலம் கட்டாயம் என்பது கூட்டாட்சி விதி. ஒரு கட்டத்தில் வெள்ளை மை பூசிய தாளைப் பார்க்கும் அதிகாரி, மைலிலும் கை வைத்திருப்பார்களோ என்றுதான் முதலில் நினைப்பார்.

விலை என்பது வரி சம்பந்தப்பட்டது. பெயர், கையெழுத்து, மைல் ஆகியவை உரிமை சம்பந்தப்பட்டவை. வரிக்கணக்கைச் சரிசெய்யப் போய் உரிமைத் தாளைக் கெடுத்துக்கொள்வது பல்வலிக்குத் தாடையை உடைத்துக்கொண்ட கதை. கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கண்ணோடுதான் எடைபோட வேண்டும்.

விலை எந்தத் தாளில் இருக்கிறது?

‘டைட்டிலில் விலை தப்பு’ என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னாலும், விலை குடியிருக்கும் தாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

டெக்சஸில் டைட்டிலை மாற்றிக் கொடுக்கும் பகுதியில் விலைக்கு இடமே கிடையாது. விலை இருப்பது 130-யூ என்ற விண்ணப்பத்தில். விற்பவர், வாங்குபவர் இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளும் சாதாரணப் படிவம் அது. ஆகவே கவுண்டி டாக்ஸ் ஆபீஸில் கொடுப்பதற்கு முன் தப்பு தெரிந்தால், எந்த வழி நல்லது என்று யோசிக்கவே தேவையில்லை. பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று நிரப்பி இருவரும் கையெழுத்திட்டால் முடிந்தது. அடித்தெழுதிய 130-யூவைக் கொண்டுபோய் வாதாடுவதில் அர்த்தமில்லை.

கலிஃபோர்னியாவில் ‘பிங்க் ஸ்லிப்’ என்று இன்றும் அழைக்கப்படும் டைட்டிலில், வாங்குபவர் நிரப்பும் பகுதியில் விலையும் கேட்கப்படுகிறது. தப்பு நேர்ந்தால் அது உரிமைத் தாளின் மேலேயே நேர்கிறது.

ஃப்ளோரிடாவில் இன்னும் கறார். டைட்டிலின் பின்பக்கத்தில் விற்பவர் தன் கையாலேயே விற்ற விலையை எழுத வேண்டும். நிரப்பாமல் விட்டாலோ பொய்யாக எழுதினாலோ அபராதமோ சிறையோ வரலாம் என்ற எச்சரிக்கையும் அதே இடத்தில் அச்சாகியிருக்கிறது.

ஒஹையோவில் விலையும் கையெழுத்தும் நோட்டரி முன்னால் பதிவாகும். அங்கே தனியாக உட்கார்ந்து பேனாவால் எதையும் திருத்த முடியாது. விற்பவரும் நீங்களும் மறுபடி நோட்டரியிடம் போக நேரும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெவாடா, அரிசோனா மாநிலங்களில் தனிநபர் தனிநபருக்கு விற்கும் காருக்கு விற்பனை வரி இல்லை. ஓரிகனிலும் பழைய காருக்கு அந்தத் தலைவலி இல்லை. அங்கே விலை தப்பானால் பணம் போகாது. தாள் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் தப்பின் விலையைக் கணக்கிடுங்கள்

எந்த வழி என்று முடிவெடுக்குமுன் ஐந்து நிமிடம் கால்குலேட்டரோடு உட்காருவது நல்லது. பல சமயம் நஷ்டம் நாம் பயந்த அளவு இருக்காது. சில சமயம் நஷ்டமே இருக்காது.

டெக்சஸ் இதற்கு நல்ல உதாரணம். அங்கே வாகன விற்பனை வரி 6.25 விழுக்காடு. ஆனால் தனிநபர் விற்பனையில் வரி எப்போதும் நீங்கள் கொடுத்த விலைக்குப் போடப்படுவதில்லை. மாநிலம் ஒவ்வொரு காருக்கும் ஓர் அனுமான மதிப்பு வைத்திருக்கிறது. அதில் 80 விழுக்காடு, நீங்கள் கொடுத்த விலை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. அனுமான மதிப்பு 10,000 டாலர் என்றால் தரை, அதாவது வரி போடும் குறைந்தபட்சத் தொகை, 8,000. நீங்கள் கொடுத்தது 6,000, படிவத்தில் விழுந்தது 7,500 என்றால் இரண்டுமே தரைக்குக் கீழே இருப்பதால் வரி 500 டாலர்தான். கையெழுத்திட்ட படிவத்தில் எண் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்குமுன் திருத்துங்கள், சரி. கொடுத்தாகிவிட்டது என்றால் திரும்பி வரவேண்டிய பணம் ஒரு காசும் இல்லை. கொடுத்தது 6,900, விழுந்தது 9,600 என்றால் கட்டியது 600, கட்டியிருக்க வேண்டியது 500. வித்தியாசம் 100. 2,700-க்கு 6.25 விழுக்காடு போட்டு 168.75 எதிர்பார்த்து விண்ணப்பித்தால் ஏமாற்றம்தான்.

தரைக்குக் கீழே வரி இறங்க வேண்டுமானால், உரிமம் பெற்ற டீலரோ காப்பீட்டு மதிப்பீட்டாளரோ தரும் சான்றளித்த மதிப்பீடு வேண்டும். வாங்கிய நாளிலிருந்து கவுண்டியின் 20 வேலைநாளுக்குள் அதை வாங்கியாக வேண்டும். டீலர் இதற்குக் காருக்கு 100 முதல் 300 டாலர் வரை வாங்கலாம். வரியில் மிச்சம் 90 டாலர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்ஜின் போன கார், மோதிய கார் மாதிரி, விலைக்கும் அனுமான மதிப்புக்கும் ஆயிரக்கணக்கில் இடைவெளி இருந்தால் மட்டுமே இது கட்டுப்படியாகும்.

ஃப்ளோரிடாவில் மாநில வரி 6 விழுக்காடு. கவுண்டியின் கூடுதல் வரி முதல் 5,000 டாலருக்கு மட்டும். 1 விழுக்காடு வாங்கும் கவுண்டியில் 12,000 டாலர் காருக்கு 720-உம் 50-உம் சேர்த்து 770. அதையே 21,000 என்று எழுதிவிட்டால் 1,260-உம் 50-உம் சேர்த்து 1,310. தப்பின் விலை 540 டாலர். இதைத் துரத்துவது நியாயம்.

கலிஃபோர்னியாவில் தப்பு இரண்டு முறை கடிக்கும். அடிப்படை வரி 7.25 விழுக்காடு, அதன்மேல் உள்ளூர் வரி. மொத்தம் 9.5 என்று வைத்துக்கொண்டு, 8,500-ஐ 12,500 என்று எழுதியிருந்தால் 380 டாலர் போச்சு. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆண்டுதோறும் ரெஜிஸ்ட்ரேஷனோடு வாங்கும் வாகன உரிமக் கட்டணமும் வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து 0.65 விழுக்காடு. அந்த 4,000 டாலர் தப்புக்கு முதல் ஆண்டில் 26 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனாலும் காரை வைத்திருக்கும்வரை அது கூடவே வரும். ஆகவே கலிஃபோர்னியாவில் ரீஃபண்ட் கேட்பவர்கள் விற்பனை வரியோடு நிறுத்திவிடக் கூடாது. டிஎம்வி என்ற மாநில வாகனத் துறையில், உரிமக் கட்டணத்துக்கு அடிப்படையான காரின் மதிப்பு வகையையும் சரிசெய்யச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

இன்னும் கொடுக்கவில்லை என்றால்: மூன்று வழிகள்

முதல் வழி, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கூடவே விளக்கத் தாள் ஒன்றை வைப்பது. கோடு ஒன்றே ஒன்று. அடியில் இருக்கும் பழைய எண் தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். 3-ஐ 8 ஆக்குவது போல எண்ணின் மேலேயே எண் எழுதுவது கூடவே கூடாது. எழுதிய அதே நிற மை நல்லது. கலிஃபோர்னியாவில் விளக்கத்துக்கு ரெக் 256 என்ற படிவம் இருக்கிறது. அதில் நடந்ததைச் சொல்லும் பகுதியில் நான்கு வரி போதும்: ‘இந்த எண்ணுள்ள வாகனத்தை இந்தத் தேதியில் 8,500 டாலருக்கு விற்றேன். டைட்டிலில் கவனக்குறைவால் 12,500 என்று எழுதப்பட்டது. சரியான விலை 8,500. வேறு எந்த விவரமும் மாற்றப்படவில்லை.’ அந்தக் கடைசி வாக்கியம் அலங்காரத்துக்கு இல்லை. மைலைத் தொடவில்லை என்று அதிகாரிக்கு அது எழுத்தில் சொல்கிறது. கையெழுத்திட வேண்டியவர் தப்பாக எழுதியவர். ஆனால் விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் ஆளுக்கொரு தாள் வாங்கிக்கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டாம். இங்கே வாகன எண் என்பது நம்பர் பிளேட் எண் இல்லை, விஐஎன் என்ற அடையாள எண்; அதற்கு 17 இடம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாக எது இருந்தாலும் சுழியம்தான் என்று நினைவில் வைத்து எழுதுங்கள். விலையைத் திருத்தப் போன தாளில் வாகன எண் தப்பாகிக் கதை புதிதாகத் தொடங்குவது அபூர்வமில்லை.

இந்த வழியின் பலம், பணச் செலவு இல்லை, ஒரே நாளில் முடியும். பலவீனம், கவுண்டரில் இருப்பவர் தாளைப் பார்த்து எடுக்கும் முடிவைப் பொறுத்தது. ஓர் அடித்தல் என்றால் பெரும்பாலும் பேசிக்கொள்ளலாம். விலையும் தேதியும் இரண்டுமே அடித்திருந்தால் (மாதத்தை முதலில் எழுதும் ஊரில் நாம் நாளின் எண்ணை முதலில் எழுதிவிடுவதால் தேதியும் அடிபடும்) இந்த வழியை நம்பாதீர்கள்.

இரண்டாம் வழி, டைட்டிலைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, உண்மை விலையை வேறு தாளால் நிரூபிப்பது. ஃப்ளோரிடாவுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அங்கே சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. விலை வழிகாட்டி மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்து சந்தேகம் வந்தால், விற்பவரும் வாங்குபவரும் உண்மை விலையைச் சொல்லிக் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தையோ வேறு உறுதியான ஆதாரத்தையோ வரி அலுவலகத்தில் கொடுக்கலாம். எழுத்துப் பிழைக்கும் அதே ஆயுதத்தை எடுத்துப் போங்கள். எச்எஸ்எம்வி 82050 என்ற விற்பனை ரசீதுப் படிவத்தில் சரியான விலை, இருவர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பணம் கைமாறியதற்கான சான்று ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் டைட்டிலில் உள்ள ஓர் எண்ணைவிட அவை கனமானவை.

பணச் சான்று என்று வரும்போது ஒரு நடைமுறைச் சிக்கல். வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் என்றால் ஒரே எண், கவலையில்லை. ஸெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பினால் பல வங்கிகளின் தினசரி வரம்பு காரணமாக 8,500 டாலர் 3,500, 3,500, 1,500 என்று மூன்று நாளில் போயிருக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து, கூட்டுத்தொகையைக் கீழே எழுதிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் 3,500-க்கு வாங்கிய கார் என்று புதிய சந்தேகம் முளைக்கும். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு, வங்கியில் எடுத்த சீட்டும் விளம்பரத்தின் அச்சுப் பிரதியும்தான் துணை.

மூன்றாம் வழி, விற்பவர் பெயரில் நகல் டைட்டில் வாங்கிப் புதிதாக எழுதித் தருவது. தாளில் சந்தேகத்துக்கே இடமில்லாத வழி இதுதான். செலவும் நேரமும் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சஸில் சான்றளித்த நகல் தபாலில் 2 டாலர், நேரில் 5.45 டாலர். அங்கே விலைக்காக இது தேவைப்படாது, பெயரோ மைலோ கெட்டுப்போனால்தான் வேண்டும். ஃப்ளோரிடாவில் 75 டாலருக்கு மேல் ஆகும். 900 டாலர் விலை வித்தியாசத்துக்கு வரி 54 டாலர்தான் என்பதால், அதற்காக நகல் வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கலிஃபோர்னியாவில் ஒரு சௌகரியம் உண்டு. ரெக் 227 படிவத்தில் நகலும் பெயர் மாற்றமும் ஒரே விண்ணப்பமாகப் போகும், நகல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடோமீட்டர் வாக்குமூலம் தேவைப்படும் காராக இருந்தால் ரெக் 262-உம் வேண்டும். அது பாதுகாப்புத் தாள் என்பதால் இணையத்தில் இறக்க முடியாது, டிஎம்வியிடமிருந்து அசல் தாளாகவே வாங்க வேண்டும். கெட்டுப்போன டைட்டிலைத் தூக்கி எறியாமல் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். வெள்ளை மை ஏற்கெனவே பூசியாகிவிட்டது என்றால் வேறு பேச்சே இல்லை, இந்த வழிதான்.

மூன்றிலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். டெக்சஸில் 30 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் தாமத அபராதம் 25 டாலரில் தொடங்கி ஏறும். ஃப்ளோரிடாவிலும் 30 நாள்தான், தாண்டினால் 20 டாலர். கலிஃபோர்னியாவில் பெயர் மாற்றத்துக்கு 10 நாள், அபராதம் இல்லாமல் கட்டணம் செலுத்த 30 நாள். 28-ஆம் நாளில் தப்பைக் கண்டுபிடித்தால் நகல் டைட்டில் வழியை மறந்துவிட்டு முதல் இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

வரி கட்டியாகிவிட்டது என்றால்

இங்கே பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். ‘டைட்டில் திருத்தம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் திருத்திய டைட்டிலுக்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டிவிடுவார்கள். டெக்சஸில் அது கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். ஆனால் உங்கள் பெயரில் புதிதாக அச்சாகி வரும் டைட்டிலில் வாங்கிய விலையே இருக்காது. டெக்சஸ், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா மூன்றிலும் இதுதான் நிலை. இல்லாத எண்ணைத் திருத்த முடியுமா? விலைத் தப்பு இப்போது இருப்பது வரிக் கணக்கில். போக வேண்டியது வரித் துறைக்கு.

டெக்சஸில் வரியைக் கவனிக்கும் மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு மோட்டார் வாகன வரி ரீஃபண்ட் கோரிக்கை. பொதுவான காலக்கெடு நான்கு ஆண்டு. கலிஃபோர்னியாவில் விற்பனை வரியை டிஎம்வி வசூலித்தாலும், திருப்பிக் கொடுப்பது சிடிடிஎஃப்ஏ என்ற வரி, கட்டண நிர்வாகத் துறை. கோரிக்கைப் படிவம் சிடிடிஎஃப்ஏ-101-டிஎம்வி. உரிமக் கட்டணத்தில் கூடுதலாகப் போனதற்கு டிஎம்வியிடமே தனியாகக் கேட்க வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநில வருவாய்த் துறை. எல்லா இடத்திலும் கேட்பது ஒரே மாதிரிதான்: வரி கட்டிய ரசீது, சரியான விலையுள்ள விற்பனை ரசீது, பணம் போன சான்று, விற்பவரின் கையெழுத்திட்ட விளக்கம். நான்காவது இல்லாமல் அனுப்பினால், வாங்கியவர் வரியைக் குறைக்கச் சொல்கிற கதை போலத்தான் தெரியும். விற்றவர் தொடர்பில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து போன் எண் மாறியிருக்கும், ஊரும் மாறியிருக்கும்.

50 டாலருக்குக் கீழே என்றால் விட்டுவிடுவது தப்பில்லை. மனசு கேட்காது, ஆனாலும் விடலாம். தப்பான விலை பின்னால் காப்பீட்டில் இடிக்குமோ என்ற பயம் வேண்டாம். கார் முழுசாகப் போனால் நிறுவனம் தருவது அன்றைய சந்தை மதிப்பு, நீங்கள் வாங்கிய விலை இல்லை. காரைத் தொழிலுக்கு ஓட்டித் தேய்மானம் காட்டுபவர்கள் மட்டும் சரியான விலையுள்ள ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் விலை அதிகமாக விழுந்தால். குறைவாக விழுந்திருந்தால் ‘விட்டுவிடுவது’ என்ற வழியே கிடையாது. டெக்சஸில் டைட்டில் ஆவணத்தில் தெரிந்தே பொய் விவரம் தருவது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். 130-யூவிலேயே பத்தாண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்று அச்சாகியிருக்கிறது. ஃப்ளோரிடாவில் உண்மை விலையைக் குறைத்துச் சொன்னால், விட்டுப்போன வரியோடு அதன் இரு மடங்கு அபராதம் சேரும். கைத்தவறுதலால் குறைவாக எழுதியவர், தப்பு தெரிந்ததும் தாமே போய் மீதியைக் கட்டுவது மலிவு. தெரிந்தபிறகும் மௌனமாக இருந்தால் அதைக் கைத்தவறு என்று நிரூபிப்பது கஷ்டம்.

‘கிஃப்ட் என்று மாற்றி எழுதிவிடலாமே’ என்று யோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். டெக்சஸில் பரிசு வரி 10 டாலர்தான், உண்மை. ஆனால் அது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர் என்ற வட்டத்துக்குள். சித்தப்பாவும் மாமாவும் அத்தை மகனும் நமக்கு நெருக்கம், படிவத்துக்கு இல்லை. கலிஃபோர்னியாவின் குடும்ப விற்பனை விலக்கு இன்னும் குறுகல்: அண்ணன் தம்பி இருவரும் வயது வராதவர்களாக இருந்தால்தான் பொருந்தும். பணம் கைமாறிய காரை கிஃப்ட் என்று எழுதுவது எழுத்துப் பிழையைப் பொய்ச் சாட்சியாக மாற்றுவது.

டீலரிடம் வாங்கியதென்றால் இவ்வளவு வழியும் வேண்டாம், தாள் வேலை அவர்களுடையது. ஆனால் தப்பு என்று சண்டைக்குப் போகுமுன் ஒன்றைப் பாருங்கள். பழைய காரைக் கொடுத்து வாங்கியிருந்தால் டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் அதன் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் வரி. கலிஃபோர்னியாவில் கழிக்கமாட்டார்கள், முழு விலைக்கும் வரி. ‘விலையைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள்’ என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரு வித்தியாசம்தான்.

விற்றவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டால்

வேலை மாற்றத்திலும் படிப்பு முடிந்தும் ஊர் திரும்புகிறவர்களிடம் கார் வாங்கும் நம்மவர்களுக்கு இது நடக்கக்கூடியதே. கார் விற்றவர் விமானம் ஏறிய மறுவாரம் தப்பு தெரியும். ‘நீங்களே என் சார்பில் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பவர் ஆஃப் அட்டர்னி அனுப்ப முன்வருவார். ஓடோமீட்டர் வாக்குமூலத்தில் விற்பவராகவும் வாங்குபவராகவும் ஒரே ஆள் கையெழுத்திடுவதைக் கூட்டாட்சி விதி பொதுவாகத் தடுக்கிறது. அதனால் நகல் டைட்டில் வாங்கிப் புதிதாக எழுதும் வழிக்கு இது ஒத்துவராது. அந்த அதிகாரத்தை இங்கே இருக்கும் மூன்றாம் நபருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். விலைக்கான விளக்கத் தாள் மட்டும்தான் வேண்டும் என்றால் கூரியரில் அசலை வரவழைப்பதே சுருக்கம். அவர் கையெழுத்திடுமுன் நீங்கள் நிரப்பிய வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாகன எண்ணையும் விலையையும் அவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கவுண்டர் வரை போய் மறுபடி ஒரு சுழியம் கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த கூரியருக்கும் காசு உங்களுடையதுதான்.